வரவேற்புக் கைதட்டல்

கதை எழுதிப் பழகியவர்கள் பலர் இருக்க, முன்பின் எழுதியறியாத நிலையில் இதை எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் மன்னித்தருள வேண்டும். சொல்லாமல் விழுங்கிவிடலாம் என்றுதான் பார்த்தேன். தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்துவிட்டது.

வகுப்பில் அவளைக் கொக்கு என்றுதான் அழைப்பார்கள். கழுத்து சற்று நீளம். பள்ளியின் கடைசி வகுப்பில் படித்துவந்த கொக்குவுக்கு அந்த ஆண்டு ஒரே ஓர் ஆசைதான்: எப்பாடு பட்டேனும் இறுதித் தேர்வை எழுதிவிட வேண்டும். அம்மா மாடிப்படியில் உருண்டு இடுப்பை முறித்துக்கொண்டு படுக்கையில் விழுந்தபின், வீட்டில் அடுப்பெரிய வேறு வழியில்லை. மருத்துவமனை விரிப்புகளை வெளுத்துத் தேய்க்கும் சலவை ஆலையில் வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தாள். காலையில் ஆலை, மதியம் பள்ளி. வகுப்பாசிரியராக இருந்த கணக்கு ஆசிரியர் ஒருவருக்கு மட்டுமே இது தெரியும். அவரும் கண்டும் காணாதவராக இருந்து உதவினார்.

அவருக்கு மாற்றல் வந்தது. கொக்குவின் ஏற்பாட்டில் மண் விழுந்தது.

புதிதாக வந்த வகுப்பாசிரியை நல்லவர். தாம் நல்லவர் என்பதை நாலு பேர் அறிய வேண்டும் என்பதிலும் அக்கறை உடையவர். படிப்பைப் பாதியில் விட்டவர் ஒருவர்கூட இல்லாத வகுப்புக்கு ஆண்டுதோறும் ஒரு கேடயம் உண்டு. அதற்காக அவர் முன்பிருந்த பள்ளியிலேயே ஒரு முறையை வகுத்திருந்தார். வராத பிள்ளையைத் தேடி வகுப்பே திரண்டு போகும். கண்டவுடன் அனைவரும் ஒருசேரக் கைதட்ட வேண்டும். இதற்கு வரவேற்புக் கைதட்டல் என்று பெயர். திரும்பி வந்த பிள்ளைகள் பலர் வெட்கம் தாளாமல் வந்தவர்கள் என்பதை அவரிடம் எடுத்துச் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை.

வகுப்புத் தலைவி ஒரு மதியம் கொக்குவை வழிமறித்தாள்.

"ஏய் கொக்கு, காலையில எந்தக் குளத்துல மீன் பிடிக்கிற?"

"அம்மாவுக்கு முடியலடி."

"எங்கம்மாவுக்குந்தான் தினம் தலைவலி. நான் வரல? உன்னால கேடயம் போச்சுன்னு வை, உன் கழுத்தை முடிச்சுப் போட்டுடுவேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கொக்குவும் சிரித்து வைத்தாள்.

மறுநாள் காலை வகுப்பு அவள் வீட்டு வாசலில் நின்றது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் இத்தனை பிள்ளைகளா என் மகளுக்காக என்று அம்மாவின் வயிறு குளிர்ந்துவிட்டது.

"பாலத்துப் பக்கம் சலவை ஆலைங்க டீச்சர். திட்டிடாதீங்க, தங்கமான பொண்ணு." பின்னாளில் அம்மாவே தலையில் அடித்துக்கொண்டு சொன்னது இது.

ஆலையில் அப்போது ஒரு விரிப்பு தேய்ப்பு உருளைகளுக்கு நடுவே சிக்கியிருந்தது. உருளை ஓடும்போது இரைச்சலில் பேச்சு எடுபடாது. நின்றாலோ நீராவியில் ஆள் தெரியாது. ஆகவே அங்கே ஒரு வழக்கம்: நிறுத்தக் கை தூக்க வேண்டும், மறுபடி ஓட்டக் கை தட்ட வேண்டும். கொக்குவின் ஜோடியாக விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவளை எல்லோரும் சித்தி என்பார்கள். சித்தி கை தூக்கினாள். அந்தப் பக்கம் உருளையை ஓட்டும் விசையருகே இருந்தவர் நிறுத்தினார். நீராவி குப்பென்று கிளம்பி அவரை மறைத்தது.

கொக்கு உருளைகளுக்கு இடையே வலக்கையை விட்டாள்.

"கழுத்து மாதிரி கையும் நீளமா பெத்திருக்கா உங்கம்மா. மெதுவா எடுடி, வெளிய வந்ததும் தட்டுறேன்."

"இன்னும் கொஞ்சந்தான் சித்தி."

வாசற்பக்கம் கைதட்டல் கேட்டது. ஒருவர் இருவர் அல்ல. வகுப்பு முழுவதும் தட்டியது. கொக்கு திரும்பினாள். சீருடைகள் தெரிந்தன, வகுப்பாசிரியையின் மலர்ந்த முகம் தெரிந்தது. கையை இழுக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் உருளை சுழன்றது.

"நிறுத்து! நிறுத்துடா பாவி!" என்று சித்தி கத்தியது கைதட்டலிலும் இரைச்சலிலும் கரைந்துபோயிற்று.

மருத்துவமனைக்கு முதலில் வந்தவர் ஆலையின் மேற்பார்வையாளர்.

"பதினெட்டு முடிஞ்சுதுன்னு சொல்லித்தானே சேர்ந்த? பொய் சொன்னவளுக்கு என்ன நஷ்ட ஈடு? போலீசுக்குப் போகாம விடறோமே, அதுக்கே கும்பிடு போடு."

அடுத்து வகுப்பாசிரியை வந்து, கட்டிலருகே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாங்க அன்பாத்தானேம்மா வந்தோம். நீ முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகட்டும், இடது கையால எழுதிப் பழகேன்."

"தேர்வு அடுத்த வாரம், மிஸ்."

பிறகு வகுப்பாசிரியை கொக்குவின் வீட்டுக்குப் போய் அம்மாவிடம், மகளை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்வதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "பாதியில நின்னான்னு பேர் வந்தா பொண்ணுக்குத்தாங்க அசிங்கம்" என்று சொன்னாராம். அம்மா நன்றி சொல்லிக் கையெழுத்திட்டாள். வேறு பள்ளி எது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு தலைவி பார்க்க வந்தாள். கையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"கேடயம் நமக்குத்தான் கொக்கு. மேடையில மிஸ் உனக்காகவும் ஒரு தடவை தட்டச் சொன்னாங்க."

"தட்டினீங்களா?"

"தட்டினோம்."

இழந்தவை: கொக்குவுக்கு வலக்கையில் மூன்று விரல்கள், வேலை, தேர்வு. அம்மாவுக்கு மருந்து. சித்திக்கும் விசைக்காரருக்கும் வேலை. பள்ளிக்கு எதுவுமில்லை. மருத்துவமனைக்கு ஒரு விரிப்பு.