ஐந்தாம் நாள் தரை

சூலூரில் திருச்சி ரோட்டோரம் தறிக்கூடமாக இருந்த கட்டடத்தை வாடகைக்கு எடுத்து லோகப்பிரியா கார் பட்டறை வைக்கப்போகிறாள் என்றபோதே ஊரில் பேச்சு கிளம்பியது. தரைக்கு எபாக்ஸி என்ற பளபளப்பான பிசின் பூச்சு பூசுகிறாள் என்று தெரிந்ததும் பேச்சு சிரிப்பாகிவிட்டது. பம்ப்செட் கம்பெனிக்காரர்கள் பூசுவார்கள், கார் பட்டறைக்கு யார் பூசுவார்கள்? அவளுக்கோ கீழே விழுந்த நட்டு உடனே கண்ணில் பட வேண்டும், சிந்திய ஆயில் ஒரே துடைப்பில் போக வேண்டும். கோயமுத்தூர் கோட்டைமேட்டிலிருந்து நிஜாமை வரவழைத்தாள். தரை பூசுவதில் அவருக்கு நல்ல பெயர்.

செவ்வாய்க்கிழமை கடைசிப் பூச்சை முடித்துவிட்டு, ஏழு நாளைக்கு வண்டி எதுவும் உள்ளே வரக்கூடாது என்று நிஜாம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதுவரை பூச்சு உள்ளுக்குள் இறுகிக்கொண்டே இருக்கும். ஓடிவந்த சூட்டோடு டயர் அதன்மேல் நின்றால், நகரும்போது தரையை உரித்துக்கொண்டு வந்துவிடும். அடுத்த புதன்கிழமை திறப்பு விழா வைத்துக்கொள்ளலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, தரையைப் பார்த்துப் போக நிஜாம் வந்திருந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் ஒரு வெள்ளைக் கார் ரோட்டைவிட்டு இறங்கி, முன்சக்கரத்தில் கடகடவென்ற சத்தத்தோடு பட்டறை வாசல் கூரைக்கு அடியில் வந்து நின்றது. கதவில் பெரிய எண் ஒட்டியிருந்தது. இறங்கி ஓடிவந்தது அருண்குமார், பாலிடெக்னிக்கில் அவளோடு படித்த உடுமலைப்பேட்டைக்காரன்.

அவன் மூச்சுவிடாமல் சொன்னான். அந்த வருஷத்து ராலி கார் பந்தயத்தில் அவன் பிரிவில் அவன்தான் முன்னால் இருந்தான். முன்சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஒரு பக்கம் போய்விட்டது. சர்வீஸ் வேன் வழியில் நின்றுவிட்டது. மாற்று ஆக்சில் டிக்கியில் இருக்கிறது. பதினொன்றரைக்குள் வெள்ளகோவில் சாவடியில் வந்த நேரத்தைப் பதிய வேண்டும், தவறினால் பந்தயம் போய்விடும்.

"பத்து மணிக்காவது கிளம்பணும் லோகா. முடியுமா?"

லோகப்பிரியா வாசலைப் பார்த்தாள். கூரைக்கு அடியிலும் மழைத் தண்ணீர் ஓடி, சரளை கொட்டிய இடம் சேறாகிக் கிடந்தது, ஜாக்கி வைத்தால் புதைந்துபோகும். ரோட்டிலோ லாரிகள். பிறகு உள்ளே, கண்ணாடிபோல் மின்னிய சாம்பல் தரையைப் பார்த்தாள். பயம் மட்டுமல்ல, ஆசையும் வந்தது. ராலி கார் ஒன்று அவள் வாசலில் நிற்கிறது.

"வேண்டாமுங்க அம்மணி," என்றார் நிஜாம். "இன்னிக்கு அஞ்சாம் நாள்தானுங்க."

"டயரும் ஜாக்கியும் தரையத் தொடாம வேலை செஞ்சா?"

நிஜாம் ஒரு முறை காரையும் ஒரு முறை தரையையும் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வேஷ்டியை மடித்துக் கட்டினார்.

விழாவுக்கு வருகிறவர்கள் உட்கார வாங்கிய பவானி ஜமக்காளங்களை அவரே விரித்தார். அதன்மேல், ஸ்பேர் பார்ட்ஸ் அலமாரி செய்ய வந்திருந்த பிளைவுட் பலகைகளை இரண்டு வரிசையாக இருவரும் அடுக்கினார்கள். ஜாக்கி நிற்கும் இடத்தில் மட்டும் இரட்டைப் பலகை, அதற்கு மேல் இரும்புத் தகடு. அதற்குள் அருண்குமாரும், பக்கத்து சீட்டில் வரைபடம் பார்த்து வழி சொல்லி வந்த அவனுடைய வழிகாட்டியும் டயர்களைத் துடைத்துக் காயவைத்தார்கள். சக்கரத்தில் கைவைத்துப் பார்த்த நிஜாம், இன்னும் சூடு இருக்கிறது என்று இரண்டு நிமிஷம் நிறுத்திவைத்தார். அந்த இரண்டு நிமிஷமும் அருண்குமார் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இஞ்சினை அணைத்து நான்கு பேரும் காரைத் தள்ளினார்கள். பலகை முனகியது, நகரவில்லை. ஒன்பது முப்பத்திரண்டுக்கு லோகப்பிரியா காருக்கு அடியில் நுழைந்தாள்.

சக்கரம் கழன்று வந்தது. ஆக்சிலைப் பிடித்திருந்த பெரிய நட்டு மட்டும் அசையவில்லை. நீளக் குழாயை ஸ்பேனரில் செருகி அருண்குமாரும் அவளும் சேர்ந்து தொங்கியபோது 'டக்' என்று விட்டது. பழைய ஆக்சிலை உருவியதும் கியர் ஆயில் ஒழுகியது. நிஜாம் அலுமினியத் தட்டோடு தரையில் குப்புறப் படுத்து ஒரு சொட்டு விடாமல் பிடித்தார். சட்டைக் கையெல்லாம் ஆயில். மழைக்கு ஒதுங்கிய டீக்கடைக் கூட்டம் வாசலில் நின்று, மணியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்பது ஐம்பத்தைந்துக்குப் புது ஆக்சில் உள்ளே உட்கார்ந்தது. குறைந்த ஆயிலை ஊற்றி, சக்கரத்தை முடுக்கி, ஜாக்கியை இறக்கினாள்.

அருண்குமார் சீட்டில் பாய்ந்து சாவியில் கைவைத்தான். அவள் ஜன்னல் வழியே கையை விட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள ஸ்டார்ட் பண்ணாதே. நின்ன இடத்துல ஸ்டீயரிங்கயும் திருப்பாதே. தள்ளித்தான் வெளிய போகோணும்."

ஒரு கணம் அவன் முகம் சிவந்தது. பிறகு சாவியை விட்டான். வாசலில் நின்ற கூட்டம் முழுவதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது. பத்துக்கு மேற்பட்ட கைகள் சேர்ந்து தள்ள, கார் வந்த வழியே வழுக்கிக்கொண்டு வெளியேறியது. சேற்றில் இறங்கியதும் உறுமி, ரோட்டில் ஏறி, மழைக்குள் மறைந்தது. மணி பத்து மூன்று.

லோகப்பிரியா பலகைகளையும் ஜமக்காளங்களையும் தூக்கிப் பார்த்தாள். தரை எங்கும் உரியவில்லை. ஜாக்கி இருந்த இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஜமக்காள நெசவு லேசாகப் பதிந்திருந்தது. நிஜாம் மண்டியிட்டு நகத்தால் கீறிப் பார்த்தார். பிடிப்பு விடவில்லை, வெறும் அச்சுதான், ஏழு நாள் கழித்துத் தேய்த்து ஒரு கை பூசினால் தெரியாது என்றார். வெள்ளகோவிலுக்கு நேரத்துக்குப் போய்ச் சேருவானா என்று அவரே இரண்டு தடவை கேட்டார். பிறகு அவசர வேலை இருக்கிறது என்று சொல்லி, ஆயில் சட்டையோடு ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார்.

மாலை ஐந்தரைக்கு போன் அடித்தது. பின்னால் ஒரே கூச்சல், ஹாரன் சத்தம். ராலி முடியும் இடத்துக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து நிஜாம் பேசினார்.

"ஏனுங்க அம்மணி, கேக்குதுங்களா? நம்ம வண்டி வந்திருச்சுங்க. அதோட பிரிவுல முதல் எடமுங்க."

அங்கிருந்த ஆரவாரம் அவளுக்குக் கேட்கட்டும் என்று ரிசீவரைத் தெருப் பக்கமாக நீட்டிப் பிடித்தார்.