கட்டிலை விட்டு இறங்காதீங்க

குழந்தைவேலு மாமாவின் கால்கள் ரங்கூன் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் சந்துக்கே பெருமை. வருஷாவருஷம் அம்மன் கோயில் தீமிதியில் முதல் ஆளாய் இறங்குவார். எழுபதைத் தாண்டியும் ஒரு கொப்புளம் வந்ததில்லை. அந்தக் கால்களைத்தான் அவருடைய மருமகள் விஜயகுமாரி திட்டம் போட்டு முடக்கினாள்.

அவளைச் சும்மா சொல்லக்கூடாது, முன்யோசனைக்காரி. தள்ளாத வயசுக்காரர்களுக்கு அரசாங்கச் செலவில் வீட்டுக்கே ஆள் வந்து கவனிப்பார்கள் என்று வார்டு ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். அதற்கு அவரால் நடக்க முடியக்கூடாது. கூட இருந்து பார்க்க வீட்டில் யாரும் இருக்கவும் கூடாது.

"எப்படியும் ஒருநாள் விழத்தானே போறீங்க மாமா? அப்ப அலையிறதுக்கு இப்பவே பேரைப் பதிஞ்சிடலாம். விசாரிக்கிற ஆபீசரம்மா, அந்த சயாமா வர்ற வரைக்கும் கட்டிலை விட்டு எறங்காதீங்க. அவங்க அக்கம்பக்கத்துலயும் விசாரிப்பாங்க" என்றாள்.

"தீமிதி வருதேம்மா. அம்மனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

மகன் தேவராஜ் அப்போதுதான் வாயைத் திறந்தான். "அம்மனா வந்து உங்களைக் குளிப்பாட்டப் போகுது?"

பெற்ற பிள்ளையே கேட்டபின் மனுஷன் என்ன செய்வார்? படுத்தார். அந்த வருஷம் தீமிதி மேளம் எங்கள் சந்து வழியாகத்தான் போனது. மாமா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரி நான், அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மழை ஓய்வதற்குள் மகனும் மருமகளும் த்வாண்டேயில் அவளுடைய அண்ணன் பானைக் கடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். திட்டத்தின் மறுபாதி அது. மூன்று வேளைச் சோறும் என் தலையில் விழுந்தது.

சயாமா வந்து, எழுந்து நிற்கச் சொன்னார். மாமாவுக்கு நடிக்க வேண்டிய வேலையே வரவில்லை. உண்மையாகவே எழப் பார்த்தார். மாசக்கணக்காய்ப் படுத்தே கிடந்ததில் முழங்கால் மடிந்து கட்டிலிலேயே சரிந்தார். அப்போது அவர் முகத்தில் தெரிந்த பயத்தை நான் மறக்க மாட்டேன். பெயர் உடனே சேர்ந்துவிட்டது.

கவனிக்க வந்த பர்மாக்காரப் பெண் தங்கமான பிள்ளை. எண்ணெய் போட்டுத் தேய்த்தாள், அதட்டினாள், ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்கப் பழக்கினாள். மறுவருஷம் மேளம் கேட்ட அன்று மாமா கம்பியை விட்டுவிட்டு வாசல்வரை நடந்தார்.

"தங்கமணி, தேவராஜைக் கூப்பிடும்மா! அவன் பாக்கட்டும்!"

வீடியோவில் கூப்பிட்டு, போனைப் பிடித்துக் காட்டினேன். மகன் அழுதுவிடுவான் என்றுகூட நினைத்தேன், பைத்தியக்காரி.

"கதவைச் சாத்துங்கக்கா! யாராச்சும் பாத்தாங்களா?" என்றான் தேவராஜ். "ஆள் வர்றது நின்னா நாங்கல்ல திரும்பி வரணும்? உக்காருங்கப்பா. சொல்றேன்ல, உக்காருங்க."

மாமா உட்கார்ந்தார். கால்களைத் தூக்கிக் கட்டிலில் வைத்துவிடச் சொன்னார், வைத்தேன். மேளம் சந்து முனையைக் கடந்து போகும்வரை போர்வைக்குள்ளேயே இருந்தார். அந்தப் பெண் அடுத்த முறை வந்து எவ்வளவோ அதட்டிப் பார்த்தாள். அவர் எழுந்திருக்கவே இல்லை.