தந்தி சொல்ல வந்தது

சீப்புக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. முப்பது வயதிலேயே மொத்தமும் விடைபெற்றுக்கொண்டு போய்விட்டது. ஆனாலும் மேடை ஏறினால் சட்டைப் பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்து, வழுக்கையில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பான். அப்படி வந்த பெயர். அவனுடைய கூட்டாளிக்குப் பெயர் தந்தி. ஆள் கம்பி மாதிரி இருப்பான், பேச்சும் நாலு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் வராது. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நடுவில் நின்று யோசிப்பான். அவன் யோசித்து முடிப்பதற்குள் ஒரு ஆள் குளித்துத் தலை துவட்டிவிட்டு வந்துவிடலாம்.

அந்த அரை வாக்கியம்தான் இரண்டு பேருக்கும் இருபத்திரண்டு வருஷமாகச் சோறு போட்டது. தந்தி சொல்லிக்கொண்டே வந்து நிற்பான். மீதியைச் சீப்பு முடிப்பான். கூட்டம் சிரிக்கும். அவ்வளவுதான் வித்தை. ஒத்திகை கிடையாது, எழுதி வைப்பது கிடையாது. தந்தி நிஜமாகவே என்ன சொல்ல வந்தான் என்று யாரும் கேட்டதில்லை, சீப்பு உட்பட. கூட்டாளிக்குச் சிரிப்பு விழுந்துவிட்டால் அதன்மேல் கை வைக்கக் கூடாது என்று அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. "நான் அதைச் சொல்ல வரலைப்பா" என்று மேடையில் ஒருவன் சொன்னால் நிகழ்ச்சி அங்கேயே படுத்துவிடும். எனவே தந்தி ஒரு நாளும் சொன்னதில்லை.

நிகழ்ச்சிக்கு 'நாங்க கெட்டோம், நீங்க பொழைங்க' என்று பெயர். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஒரு மரச்சாமான் கடையின் மாடியில், நூற்றிருபது நாற்காலி போட்ட அறையில் நடக்கும். வானொலியில் நேரடியாகப் போகும். வருகிறவர்கள் தங்கள் கஷ்டத்தைச் சீட்டில் எழுதி வாசலில் இருக்கும் பெட்டியில் போடுவார்கள். மேல்வீட்டுக்காரர் ராப்பகலாகக் கட்டிலை இழுக்கிறார், என்ன செய்வது? வாங்கிப்போன குடையைப் பக்கத்து வீட்டம்மா திருப்பித் தரவில்லை, எப்படிக் கேட்பது? இவர்கள் இரண்டு பேரும் தங்கள் வீட்டுக் கதை ஒன்றை எடுத்துவிட்டுக் கடைசியில் ஒரு புத்திமதி சொல்வார்கள். சும்மா சொல்லக் கூடாது, புத்திமதியெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். சண்டை போடுவதாக இருந்தால் சாப்பிட்டு முடித்துவிட்டுப் போடுங்கள் என்று ஒரு தடவை சொன்னார்கள். ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. ஊருக்கு உபதேசம் என்றால் கேட்கவா வேண்டும்!

வீட்டுக் கதை என்றால் பெரும்பாலும் தந்தியின் மனைவி கதைதான். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், கெட்டிக்காரி, கலகலப்பானவள். தன் குறட்டை, தன் மறதி, தன் சமையல் எல்லாம் வானொலியில் போவதைக் கேட்டுத் தானே முதலில் சிரிப்பாள். சீப்பை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். "என்னை வெச்சே பேரு வாங்கிட்டீங்கண்ணே, ஒரு மாலையாவது போடுங்க" என்பாள்.

நாற்பத்தேழு வயதில் அவளுக்குக் கார் ஓட்டிப் பழக ஆசை வந்தது. பழகினாள். லைசென்ஸுக்குப் போய் இரண்டு தடவை தோற்றாள். மூன்றாவது தடவை பின்பக்கமாக எடுக்கும்போது அதிகாரி ஆசையாக வளர்த்த பூந்தொட்டி வரிசையை முழுக்கச் சாய்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொல்லிவிட்டு, இதை மட்டும் மேடைக்குக் கொண்டுபோகக் கூடாது, இந்த ஒரு விஷயமாவது எனக்கென்று இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாள். தந்தி தலையாட்டினான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை நல்ல மழை. பாதி நாற்காலி காலி. எதைச் சொன்னாலும் சிரிப்பு எழும்பவில்லை. அரங்கம் அப்படிச் செத்துக் கிடந்தால் ஒரு நகைச்சுவைக்காரன் கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்து வீசுவான். தந்தி பூந்தொட்டியை எடுத்துவிட்டான். ஒவ்வொரு தொட்டியாக அவன் சாய்க்க, ஒவ்வொன்றுக்கும் சீப்பு ஒரு வார்த்தை போட, அறுபது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

திங்கட்கிழமை அவள் அலுவலகத்துக்குப் போனபோது மேசையில் யாரோ ஒரு பொம்மைக் காரையும் பக்கத்தில் ஒரு குட்டிப் பூந்தொட்டியையும் வைத்திருந்தார்கள். சுற்றி நின்றவர்களோடு சேர்ந்து அவளும் சிரித்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து துணிமணியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சத்தம் இல்லை, சண்டை இல்லை. நாலாவது தடவை லைசென்ஸுக்குப் போகவும் இல்லை.

அவள் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதும் கோபித்துக்கொண்டு போனதும் சீப்புக்குத் தெரியாது. அக்கா வீட்டுக்குப் போயிருக்கா என்று மட்டும் தந்தி சொன்னான். போனவள் வருவாள் என்று சீப்பு நினைத்தான். நினைத்ததோடு விட்டானா? மனைவி ஊரில் இல்லாத ஆம்பளை என்று ஆரம்பித்து ஏழு வாரம் அதையே ஓட்டினான். தந்தியின் கசங்கின சட்டை, தந்தி அடுப்பில் வைத்து மறந்த பால், தந்திக்கு இறங்கிப்போன கன்னம் எல்லாம் அவனுக்குச் சரக்கு. கூட்டாளி இளைத்துக்கொண்டே போகிறான் என்பதைக் கண்ணால் பார்த்து, அதற்கும் ஒரு ஜோக் வைத்திருந்தான் படுபாவி.

எட்டாவது சனிக்கிழமை தந்தி சீக்கிரமாகவே வந்து உட்கார்ந்திருந்தான். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. பெட்டியிலிருந்து சீட்டுகளைக் கொட்டி, ஒன்றைத் தேடி எடுத்து, இதை நான் படிக்கிறேன் என்றான். மனைவி கோபித்துக்கொண்டு போய்விட்டாள், எப்படித் திரும்பக் கூப்பிடுவது என்று எவரோ கேட்டிருந்தார்கள். தந்தி சீட்டைப் படித்தான். மைக்கைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டான்.

"எங்க வீட்ல இதைக் கேட்டுக்கிட்டு இருப்பா. அவளுக்கு நான் சொல்றது என்னன்னா..."

நின்றான். எப்போதும் நிற்கிற மாதிரிதான் நின்றான்.

"இன்னும் ஒரு மாசம் இருந்துட்டே வாம்மா, அவசரமே இல்லை!" என்றான் சீப்பு.

அந்த மாடி அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்பு பார்த்ததில்லை. கீழே கடையில் இருந்தவர்கள் என்னவோ ஏதோவென்று மேலே வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு நிமிஷம் ஆயிற்று அடங்க. தந்தி கூட்டாளியின் முகத்தைப் பார்த்தான். பிறகு அவனும் சிரித்தான். தொழில் சட்டம். அடுத்த சீட்டை எடுத்தான்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது சீப்புக்குக் கால் தரையில் படவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது அந்த ஜோக்கைத் தன் மனைவியிடம் மறுபடியும் சொல்லிக் காட்டினான். அவள் சிரிக்கவில்லை. தட்டில் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே பாத்திரத்தில் போட்டாள்.

"உங்களுக்கு நெஜமாவே தெரியாதா? அவ கோவிச்சுக்கிட்டுப் போய் ரெண்டு மாசம் ஆச்சு" என்றாள்.

பூந்தொட்டிக் கதை மேடைக்கு வேண்டாம் என்று தந்தியின் மனைவி கேட்டுக்கொண்டது, அலுவலக மேசையில் இருந்த பொம்மைக் கார் எல்லாவற்றையும் சொன்னாள். சீப்பு பாதிச் சாப்பாட்டிலேயே கையைக் கழுவிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, பஸ் பிடித்து அந்த அக்கா வீட்டுக்குப் போனான்.

கதவைத் திறந்தது அக்காதான். வாங்க என்று வாய் சொன்னது, முகம் சொல்லவில்லை. உள்ளேயிருந்து தந்தியின் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து வந்தவனுக்கு அந்த டீயைக் குடிப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியாதும்மா, தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா என்று புலம்பினான்.

வெள்ளிக்கிழமை தந்தி போன் பண்ணினானாம். நாளைக்கு அஞ்சு மணிக்குக் கேளு என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டானாம். ஊருக்கு முன்னால் அவமானப்படுத்தியவன் ஊருக்கு முன்னால்தான் அதைத் துடைக்க வேண்டும் என்று அவன் நினைத்திருப்பான் போலிருக்கிறது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"பெட்டியைக் கட்டி வாசல்ல வெச்சிட்டுத்தான்ணே ரேடியோ முன்னாடி உக்காந்தேன்" என்றாள். "நீங்க சொன்னதைக் கேட்டு எங்க அக்காகூட சிரிச்சிட்டா. நல்ல ஜோக்குதான்."

சீப்பு தலையைக் குனிந்துகொண்டான். செத்துப் போயிருந்தால்கூட அவனுக்கு அப்போது சம்மதமாக இருந்திருக்கும்.

"அவர் என்னண்ணே சொல்ல வந்தாரு?"

"மன்னிச்சிரு, வீட்டுக்கு வந்துருன்னுதான்மா சொல்ல வந்தான். வேற என்ன சொல்லுவான்?"

"உங்ககிட்ட அப்படிச் சொன்னாரா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"அப்ப இதையும் நீங்கதானே முடிக்கிறீங்க" என்றாள்.

அதில் குத்தல் இல்லை. சலித்துப்போய்ச் சொன்னாள், அவ்வளவுதான். அக்கா வீட்டுப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் கேட்டிருந்தாளாம், கிடைத்துவிட்டதாம். நாளைக் காலையில் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் இங்கேயேதான். அவர் இன்றைக்குப் போன் பண்ணட்டும், நான் எடுக்கிறேன், அவர் வாயால் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லட்டும் என்றாள். நன்றாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, அவர் சொன்னதாக இருந்தால் போதும் என்றாள்.

சீப்பு அங்கிருந்து நேராகத் தந்தி வீட்டுக்கு ஓடினான். மணி நாலு இருக்கும். தந்தி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். சீப்பு நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். மன்னிப்புக் கேட்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏன்டா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கடைசியில் கோபமும் பட்டான்.

"சொல்ல வந்தேன்டா. வண்டியில போகும்போது ரெண்டு மூணு தடவை..." என்று தந்தி நிறுத்தினான். பிறகு ஊசியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான். "நீ ஏதாச்சும் சொல்லுவ. நானும் சிரிச்சிருவேன்."

சீப்பு போனை எடுத்து அவன் கையில் திணித்தான். இப்பவே பேசு, இன்றைக்கு விட்டால் போச்சு என்றான். எண்ணையும் அவனே அழுத்தினான். மணி அடித்தது. இரண்டாவது மணியிலேயே அவள் எடுத்துவிட்டாள். அவளுடைய 'ம், சொல்லுங்க' மேசைக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது.

"நான்தான்" என்றான் தந்தி. "நான் உன்கிட்ட..."

நின்றான்.

சீப்புக்கு நாக்கு நுனியில் வார்த்தை வந்து நின்றது. ஜோக் இல்லை, நல்ல வார்த்தைதான், எடுத்துக் கொடுத்தால் தந்தி பிடித்துக்கொண்டு போய்விடுவான். அதை விழுங்கினான். இங்கே நின்றால் வாய் சும்மா இருக்காது என்று தன்னைப் பற்றி அவனுக்குத் தெரியும். இந்த ஒரு தடவையாவது ஒழுங்காக இருப்போம் என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தான். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். தெருவில் ஒருவர் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். சீப்பு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே பேச்சுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. மெதுவாகப் பேசுகிறான் போலிருக்கிறது, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டான். முன் சக்கரம் முடிந்து பின் சக்கரமும் முடிந்து அந்த ஆள் ஏறிப் போய்விட்டார்.

அதற்கு மேல் பொறுக்க முடியாமல் கதவைத் திறந்தான். போன் மேசைமேல் இருந்தது. தந்தி கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேசிட்டியா?"

"வெச்சிட்டா."

"என்னடா சொன்ன?"

"'உன்கிட்ட'ன்னு நின்னேன்ல... அவ ரொம்ப நேரம் இருந்தா. மூச்சு விடுறதுகூடக் கேட்டுச்சு. அவசரப்படுத்தலை." தந்தி உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டான். இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் அவன் பேசிச் சீப்பு கேட்டதில்லை. "அப்புறம் அவளே 'சரிங்க, உடம்பைப் பாத்துக்குங்க'ன்னு சொல்லிட்டு வெச்சிட்டா."

சீப்பு போனைப் பாய்ந்து எடுத்து மறுபடி அழுத்தினான். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. இன்னொரு தடவை அழுத்தினான். அணைத்து வைத்திருந்தாள்.

"ஏன்டா நின்ன? ஒரே ஒரு வாக்கியம்டா!" என்று கத்தினான்.

"எப்பவும் நிக்கிறதுதானே" என்றான் தந்தி. "நின்னுட்டுத் திரும்பிப் பாத்தேன். நீ இல்லை. நீ ஏன்டா வெளிய போன?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.