மதியத் தூக்கத்துக்கு ஒரு புருஷன்

பூமயிலின் ஊரில் எப்போதும் திங்கட்கிழமை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை. அங்கே கடையும் கிடையாது, ஆபீசும் கிடையாது. ஆகவே பிழைப்பும் கிடையாது. பிழைப்புத் தேடி ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் பாலம் தாண்டி வருவார்கள். திங்கட்கிழமைக்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டால் இங்கேயே இருந்துவிடலாம். கட்டிக்கொண்டவளுக்கு அரசாங்கம் தினம் ஒரு மதியத் தூக்கம் அனுமதிக்கும்.

பூமயில் தையல்காரி. பிறந்ததிலிருந்து மதியத்தில் கண்ணயர்ந்ததில்லை. தவசி என்கிறவன் பாலம் தாண்டி மூட்டை தூக்க வந்தபோது அவனிடம் நேராகவே கேட்டாள்.

"தாலி மட்டும்தான். உன் பாய் உனக்கு, என் பாய் எனக்கு. சம்மதமா?"

"சம்மதங்க."

தன்னைப் போலக் கெட்டிக்காரி திங்கட்கிழமையிலேயே கிடையாது என்று அவளுக்கு நினைப்பு. அளவெடுக்க மறந்து துணியை வெட்டுகிறவளுக்கு அந்த நினைப்பு எப்படித்தான் வந்ததோ.

ஆறு மாதம் கழித்து, கல்யாணம் மெய்யா பொய்யா என்று பார்க்க ஒரு அதிகாரியம்மா வருவதாகக் கடிதம் வந்தது. பொய் என்றால் அன்றைக்கே தவசியைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிடுவார்கள். இருவரும் பரீட்சைக்குப் படிப்பதுபோல ஒருவரையொருவர் மனப்பாடம் செய்தார்கள்.

அதிகாரியம்மா வந்து உட்கார்ந்து கோப்பு ஒன்றைத் திறந்தார்.

"இவங்களுக்குப் பிடிக்காத காய்?"

"புடலங்காய்ங்க" என்றான் தவசி.

"செருப்பு அளவு?"

"ஆறு. இடது கால் கொஞ்சம் பெரிசு."

"கல்யாணச் சேலை?"

"மாம்பழக் கலர், அரக்கு பார்டர். முந்தானையில இஸ்திரிப் பெட்டி சுட்ட தடம் ஒண்ணு இருக்கும்."

அதிகாரியம்மா கோப்பை மூடினார். "எனக்குக் கல்யாணமாகி இருபது வருஷம். நான் கண்ணாடி போடுறதே எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. இவ்வளவு தெரிஞ்சவன் புருஷனா இருக்க முடியாது. துணிமணியை எடுத்துக்கப்பா."

தவசி பையை எடுத்தான். போகப்போவது தூக்கம்தானே என்று பூமயில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். நெஞ்சு கேட்கவில்லை.

வாசல்வரை போனவன் திரும்பினான். "ஒண்ணு மட்டும் எழுதிக்கங்கம்மா. ஆறு மாசமா இவங்க மதியத்துல தூங்கவே இல்ல. கண்ணைப் பாதி மூடிக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டுக் கிடப்பாங்க. அரசாங்கத் தூக்கம் அத்தனையும் வீணாப்போச்சு."

பூமயிலுக்கு முகம் பற்றிக்கொண்டது. "யோவ், நானா பாத்தேன்? நீ விடுற குறட்டையில எவ தூங்குவா?"

"நான் தூங்குனாத்தானே குறட்டை? நீ பாக்குறியான்னுல்ல நான் பாத்துக்கிட்டிருந்தேன்!"

"முழிச்சுக்கிட்டே குறட்டை விட்டியா? வெக்கங்கெட்ட மனுஷா!"

"நான் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா நீ திரும்பிப் படுத்துக்குவியே!"

"அப்படி முழிச்சுக் கிடந்தவனுக்கு அடுப்புல பால் பொங்குனது தெரியலையாக்கும்? அடிப்பிடிச்ச பாத்திரத்தைத் தேய்ச்சது யாரு?"

"பாலை வச்சது நீதானே? நீயும்தான் முழிச்சுக் கிடந்தே!"

அவள் கைக்குக் கிடைத்த நூல்கண்டை எறிந்தாள். அது குறி தப்பி அதிகாரியம்மாவின் மடியில் விழுந்தது. அவர் அதைப் பொறுமையாகச் சுற்றி மிஷின் மேல் வைத்துவிட்டு மறுபடியும் கோப்பைத் திறந்து எழுதினார்.

"பால் பாத்திரம் வரைக்கும் வந்துட்டீங்க. இது ஆறு மாசச் சண்டை இல்லம்மா, பன்னிரண்டு வருஷச் சண்டை. விதிப்படி கல்யாணமும் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடியே நடந்ததா எழுதியிருக்கேன்." முத்திரை குத்தினார். காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் நாலரை மணிக்குப் பள்ளிக்கூடப் பையோடு ஒரு பெண் வீட்டுக்குள் வந்தாள். பதினோரு வயசு இருக்கும். தவசியின் நெற்றி, பூமயிலின் வாய். செருப்பை மூலைக்கொன்றாக உதறிவிட்டு, "அம்மா, பசிக்குது" என்றாள்.

"முதல்ல செருப்பை ஒழுங்கா வை" என்று சொல்லிவிட்டு, பூமயில் இன்னொரு தோசை ஊற்றினாள்.