மணமகன் தேவை விளம்பரமும் பூஜை மலர் நாவலும்

"வீட்டு வேலையில் கைதேர்ந்தவள்னு எழுதச் சொன்னேன். நீங்க என்ன எழுதியிருக்கீங்க? 'சமைக்கத் தெரியாது, ரசித்துச் சாப்பிடத் தெரியும்.' இது கல்யாண விளம்பரமா, போலீஸ் புகாரா?"

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. சுருட்டிய செய்தித்தாளும் கையுமாக எழுத்தாளர் ஹிரண்மய் கோலேயின் வாசற்படியில் நின்றார் மாடிவீட்டு மாலபிகா குஹடாகுர்தா. மீன் வாங்கக் கிளம்பிய சந்துக்காரர்கள் பையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்கள். மீன் எங்கே ஓடிவிடப்போகிறது?

"கோபம் வந்தால் மூன்று நாள் பேசமாட்டாளாம், நான்காம் நாள் தானாக வந்து உட்காருவாளாம். நிறம் வெயிலைப் பொறுத்ததாம்" என்று மாலபிகா மேலே படித்தார். "பருப்புல கூடச் சர்க்கரை போடுற மேற்கு வங்காளத்து ஜாதி நீங்க, கோலே பாபு. எழுத்துல மட்டும் எங்கிருந்து வந்தது எங்க கிழக்கு வங்காளத்து மிளகா?"

ஹிரண்மய் லுங்கியை இறுக்கிக்கொண்டார். அவருக்குச் சண்டை போட நேரமில்லை. சனிக்கிழமைக்குள் நாவலைக் கொடுத்தாக வேண்டும். கல்கத்தாவில் ஓர் எழுத்தாளன் உயிரோடிருக்கிறான் என்பதற்கு அத்தாட்சி, பூஜை மலரில் அவன் நாவல் வருவதுதான். துர்கா பூஜை வருவது அக்டோபரில். நாவல் போய்ச் சேரவேண்டியது ஜூனில். ஒரு வருடம் விட்டால் அந்த இடத்தில் எவனாவது தாடிக்காரப் பையன் உட்கார்ந்துவிடுவான், பிறகு எழுப்ப முடியாது. ஒன்பது வருடமாக அந்த இடத்தை அவர் விட்டதில்லை. போன வருடம் கூந்தல் தைல விளம்பரத்துக்குப் பின்னால் தள்ளினார்களே என்றால், தள்ளினாலும் உள்ளேதானே இருந்தார்.

இந்த வருடம் முதல் அறுபது பக்கத்தை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருந்தார். "கதாநாயகிக்கு நாடியே ஓடலை. கல்யாண விளம்பரத்துல வர்ற பொண்ணு மாதிரி இருக்கா" என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. அதே வாரம்தான் மாலபிகா வந்து, எழுதுகிறவர் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது பெண்ணுக்கு விளம்பரம் எழுத வெளியாளிடம் போவானேன் என்றார். கூலியும் அவரே சொன்னார்: ஹிரண்மயின் ஜன்னலுக்கு நேர் மேலே பன்னிரண்டு குழந்தைகள் ஆர்மோனியத்தோடு பாடும் வகுப்பை, நாவல் முடியும்வரை நிறுத்திவைப்பார். அதற்காக ஹிரண்மய் எதையும் எழுதியிருப்பார்.

எழுதவும் செய்தார், இரண்டாக. ஒன்று ஊர் வழக்கப்படி: மாநிறம், அடக்கம், கைதேர்ந்தவள். இன்னொன்று, பெண் ஜிம்லியை எதிரே உட்காரவைத்து இருபது நிமிடம் பேசியபின், கைப்பழக்கத்துக்காக. இரண்டையும் ஜிம்லியிடம்தான் கொடுத்தார். முப்பத்தொரு வயதுப் பெண். கண் டாக்டரிடம் வேலை. பத்திரிகை ஏஜெண்டின் கடை அவள் போகும் வழியில் இருந்தது. எந்தக் காகிதம் அங்கே போனதென்று இப்போது சந்துக்கே தெரிந்துவிட்டது. எந்தக் கை கொடுத்தது என்பது மட்டும் அவருக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

ஜிம்லி அம்மாவுக்குப் பின்னால் நின்று அவரைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. சும்மா பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க, யார் கொடுத்தது இதை?" என்றார் மாலபிகா. "வேற யாராவதுன்னா நான் உங்களை ஒண்ணும் சொல்லப்போறதில்லை."

உண்மையைச் சொன்னால் ஆறு நாள் அமைதி. ஹிரண்மய் ஒரு மூச்சு விட்டார்.

"நான்தான் கொடுத்தேன், அண்ணி. கவர் மாறிப்போச்சு."

அடுத்த நாள் காலை ஐந்தரைக்கே பன்னிரண்டு தொண்டைகளும் திறந்துகொண்டன. புதிதாக ஒரு தபலாவும் சேர்ந்திருந்தது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு எட்டு வரி எழுதினார், ஒன்பது வரி அடித்தார். புதன்கிழமை இந்த வருடம் அவ்வளவுதான் என்று பேனாவை மூடிவைத்தார். அன்று வேலைக்குப் போகும் வழியில் ஜிம்லி ஜன்னல் கம்பி வழியே ஒரு சாவியை நீட்டினாள்.

"சித்தப்பா, டாக்டர் பன்னிரண்டரைக்குச் சாப்பிடப் போனா அஞ்சு மணி வரைக்கும் தூக்கம். கேட்டுட்டேன். நாற்காலியை மட்டும் சுத்திவிட்டு விளையாடக் கூடாதாம்."

எழுத்துகள் வரிவரியாகச் சிறுத்துக்கொண்டே போகும் அட்டைக்கு எதிரே, நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து நான்கு மதியங்கள் எழுதினார் ஹிரண்மய். நாற்காலியைச் சுற்றினார் என்றுதான் கேள்வி. பழைய கதாநாயகியைத் தூக்கிப்போட்டுவிட்டார். புதியவள் கோபித்துக்கொண்டாள், இரண்டு தட்டு பொரித்த மீன் தின்றாள், யார் சொல்லியும் கேட்கவில்லை. சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு, மழையில் பாதி நனைந்த காகிதக் கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆசிரியர் நின்றபடியே நான்கு பக்கம் படித்தார். "பரவாயில்லை, நாடி இருக்கு" என்றார். அவ்வளவுதான். அந்த மூன்று சொல்லுக்காக ஹிரண்மய் டிராமில் வீடு வரைக்கும் தனக்குத் தானே சிரித்துக்கொண்டு வந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

நாவலைச் சந்தில் ஒருவரும் படிக்கவில்லை. விளம்பரத்தைத்தான் எல்லோரும் வெட்டி வைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் அதற்கு நாற்பத்தொரு கடிதங்கள் வந்தன. ஜல்பாய்குரியில் வனத்துறை குமாஸ்தா ஒருவர், "நானும் மூன்று நாள் பேசமாட்டேன். வீடு அமைதியாக இருக்கும்" என்று எழுதியிருந்தார். ஜிம்லி அந்தக் கடிதத்தை மட்டும் அம்மாவிடம் காட்டாமல் தலையணைக்கடியில் வைத்தாள். அம்மா அதை அங்கேயே படித்தார். நவம்பரில், வங்காளத்துக் கார்த்திகை கழிந்ததும் கல்யாணம். ஜிம்லி ஜல்பாய்குரி போனாள். மறுவருடம் பேரன் பிறந்ததும் மாலபிகாவும் வீட்டைக் காலி செய்துகொண்டு பின்னாலேயே போனார்.

ஹிரண்மயும் இப்போது எங்கள் சந்தில் இல்லை. பெண் வைத்திருக்கும் அம்மாக்கள் மூன்று தெரு தாண்டியெல்லாம் வந்து கதவைத் தட்ட, பேல்கரியா பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். புது இடத்தில் தான் காப்பீட்டு ஏஜெண்ட் என்று சொல்லிவைத்திருக்கிறாராம். இதுவரை ஒருவரும் கதவைத் தட்டவில்லை.