விரிப்பின் மறுமுனை

காலை ஐந்தே முக்காலுக்குச் சலவை ஆலையில் சங்கு ஊதியது. அதற்குள் இவள் கழிப்பறையைத் தாழிட்டுக்கொண்டு, கிழிந்த விரிப்பிலிருந்து எடுத்த பட்டையை வயிற்றைச் சுற்றி இறுக்கி முடிந்திருந்தாள். மேலே தொளதொள சட்டை. எட்டு மாதம். வயிறு தெரிந்தவர்களை முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிடுவார். மறுபடி கூப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை.

"மன்னிச்சுக்கோ" என்று பட்டைக்கு உள்ளே இருந்ததிடம் சொன்னாள். தினமும் சொல்வதுதான்.

முந்தின நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் நாடாவால் வயிற்றை இரண்டு தடவை அளந்தாள்.

"வளர்த்தி கம்மியா இருக்கேம்மா. ரொம்ப நேரம் நிக்கிறியா?"

"இல்லையே. உக்காந்து பாக்குற வேலைதான்."

நர்ஸ் இவள் காலை விரலால் அழுத்தினாள். வீக்கத்தில் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது.

"இடப்பக்கமா சாஞ்சு படு. அசைவு குறைஞ்சா உடனே வா" என்றாள்.

ஆலையில் ஈர விரிப்புகள் சூடான உருளைக்குள் போய், மறுபக்கம் ஆவி பறக்க வெளியே வரும். குனிந்து இழுப்பது ஒரு தடவை ஒருத்தி முறை, அடுத்த தடவை மற்றவள் முறை. பிறகு ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர்த்து மடிக்க வேண்டும். இவளுக்கு மறுமுனையில் நெட்டையக்கா.

போன மாதம் அப்படிச் சேர்த்தபோதுதான் குழந்தை உதைத்தது. விரிப்பைத் தாண்டி நெட்டையக்காவின் புறங்கையில் பட்டது.

"என்னடி இது?"

"வாயுக்கா."

"வாயுவுக்குக் கால் முளைச்சிருக்கா?"

அன்றிலிருந்து குனிகிற முறையெல்லாம் நெட்டையக்காவுடையதாயிற்று. நடப்பதும் அவளே. இவள் நின்ற இடத்தில் நின்றாள். புளித்த நீர் தொண்டை வரை ஏறி எரிந்து இறங்கியது. விலாவுக்கடியில் ஒரு குதிகால் முட்டியது. நிமிர்ந்தால் முதுகு வலித்தது, சாய்ந்தால் இடுப்பு. உறுத்தியது என்னவோ வேறு. மதியம் நெட்டையக்கா தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். நாளையிலிருந்து என் முறையை நானே பார்க்கிறேன் என்று சொல்லத்தான் நினைத்தாள். நாளையை நாளைக்குத் தள்ளினாள்.

இன்று ஒரு விரிப்பு உருளையில் சுற்றிக்கொண்டது. இவள் முறை. நெட்டையக்கா கை நீட்டினாள்.

சூடான உருளை கையைப் பிடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு கையை இழுத்தாள். மணிக்கட்டு வரை தோல் வழன்றிருந்தது. உருளையை ஓட்டுகிற உருளைக்காரி ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கினாள். இயந்திரம் நின்றது.

முதலாளி அறையிலிருந்து வந்தார்.

"கண்ணு எங்க இருந்துச்சு? தூங்கி வழிஞ்சா மிஷின் என்ன பண்ணும்? நீ கிளம்பு. நாளைலேர்ந்து வர வேணாம்."

நெட்டையக்கா தண்ணீர் வாளிக்குள் கையை விட்டபடி நின்றாள். முதலாளியின் பார்வை இவள் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்று வாளியையே பார்த்தாள். அதைத்தான் இவளால் தாங்க முடியவில்லை. காலையிலிருந்து குழந்தை அசையவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

சட்டைக்குள் கைவிட்டு முடிச்சை அவிழ்த்தாள். பட்டை காலடியில் விழுந்தது.

"அக்கா மேல தப்பில்ல முதலாளி. அது என் முறை. எனக்காகத்தான் குனிஞ்சாங்க."

அவர் வயிற்றைப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு பேருமா கிளம்புங்க."

இவள் அழுக்குத்துணி மூட்டைமேல் உட்கார்ந்து இடப்பக்கமாகச் சாய்ந்தாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து உள்ளே ஒரு புரளல். பிறகு ஒரு உதை. அப்போது அழுதாள்.

நெட்டையக்கா வாளியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சோப்புக் கரைக்கிறவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஈரத்துணி சுமக்கிறவள் கூடையை இறக்கினாள்.

"மிஷினப் போடு" என்றார் முதலாளி.

உருளைக்காரி பொத்தான் வரை போன கையை எடுத்துக்கொண்டாள். "நானும் பட்டை கட்டினவதான். ரெண்டு பிள்ளைக்கும்" என்றாள் யாரையும் பார்க்காமல். "முதல்ல நெட்டையக்காவ ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. ரெண்டு பேருக்கும் வேலை இருக்கணும். இங்க உக்கார பெஞ்சு போடணும். அப்புறம் மிஷின் ஓடும்."

அவளும் உட்கார்ந்தாள்.

முதலாளி சிரிக்கப் பார்த்தார். "என்ன, எல்லாரும் மாசமா இருக்கீங்களா?"

நெட்டையக்கா வாளியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"நாள் முழுக்க உக்காந்தே இருக்கீங்களே முதலாளி, உங்களுக்கு எத்தனை மாசம்?"