வாசலில் வைக்க ஒரு பொம்மை

எங்கள் குடியிருப்பில், சிறையிலிருந்து வருகிறவர்களை நேராக வீட்டுக்கு அனுப்புவதில்லை. கொலுவில் வைப்பார்கள். நவராத்திரி முழுவதும் படியில் நிற்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் பார்த்து முடித்த பிறகு, குடும்பத்தில் யாராவது வந்து "இது எங்களுது" என்று சொல்லி எடுத்துப்போகலாம். யாரும் வராவிட்டால் பழைய புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்து லாஃப்டில் ஏற்றிவிடுவார்கள். பிறகு அடுத்த நவராத்திரிக்குத்தான் இறக்குவார்கள்.

எனக்கு மூன்றாம் படி கிடைத்தது.

கொலு, சங்கச் செயலாளரின் மனைவி மீனலோசனி அக்கா வீட்டில். அவர் ஈரத்துணியால் என் முகத்தைத் துடைத்தார்.

"கண்ணுக்குக் கீழ கொஞ்சம் சாயம் போயிருக்கு ஹேமா. லைட்டு போட்டா தெரியாது."

"நின்னா மட்டும் போதுமாக்கா?"

"கையைக் கூப்பிக்கோ. இல்லன்னா எதுக்கு நிக்கறேன்னு யாருக்கும் புரியாது."

கூப்பிக்கொண்டேன்.

எங்கள் நிர்வாக இயக்குநர் ரங்கபாஷ்யம் சார் மேல்படியில் கலசத்துக்குப் பக்கத்தில் நின்றார். கம்பெனியில் இருந்த வரிசைதான் இங்கேயும். ஆடிட்டரைத் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைகளோடு வைத்திருந்தார்கள். அவருக்கு அது சிரமமாக இல்லை. நான் அந்தக் கம்பெனியின் நிதி இயக்குநர். இல்லாத கிடங்குகளில் கணக்குப்படி இருந்த மின்விசிறிகளுக்காக நாங்கள் மூன்று பேரும் சிறைக்குப் போனோம்.

"சிரிச்ச முகமா இரு ஹேமலதா," என்றார் சார், உதடு அசையாமல். "பங்குதாரர் கூட்டம்னு நெனச்சுக்கோ."

"எல்லாரும் பாக்கறாங்க சார்."

"பாக்கட்டுமே. விலையா கேக்கறாங்க?"

ஆடிட்டர் தலையாட்டினார்.

வருகிறவர்கள் ஒரு பாட்டுப் பாடுவார்கள். சுண்டல் வாங்கிக்கொள்வார்கள். பிறகு படிகளைப் பார்ப்பார்கள். தசாவதாரத்தைப் பார்ப்பார்கள், கல்யாண செட்டைப் பார்ப்பார்கள், என்னிடம் வந்ததும் குரலைத் தாழ்த்துவார்கள்.

"இவங்கதானே அந்த ஃபேன் கம்பெனி?"

"நேர்ல சின்னதா இருக்காங்க."

வெட்கம் முகத்திலிருந்து இறங்கும் என்று நான் நினைத்திருந்தேன். அது பாதத்திலிருந்து ஏறியது. முழங்கால் வரை வந்ததும் களிமண்போல இறுகிக்கொண்டது. இடுப்புக்கு வந்தபோது நிற்பது சுலபமாகிவிட்டது. சிறையில் இப்படி இல்லை. அங்கே யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். அவரவர் சுவரை அவரவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

நவராத்திரி பாதியில் இருக்கும்போதே ஒரு மேலாண்மைக் கல்லூரி வேன் அனுப்பி ரங்கபாஷ்யம் சாரை எடுத்துப்போனது. நேர்மையைப் பற்றி வகுப்பெடுக்க ஆள் வேண்டுமாம். அவரைக் குடும்பத்தார் கேட்கவில்லையே என்று நான் மீனலோசனி அக்காவிடம் கேட்டேன். "கல்லூரி கேட்டா குடுக்கலாம். விதியில இருக்கு," என்றார். போகும்போது சார் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கழுத்து திரும்பாத மாதிரி செய்யப்பட்டிருந்தது.

நான் சம்யுக்தாவுக்காக நின்றேன்.

சம்யுக்தா என் மகள். நான் உள்ளே போனதிலிருந்து, எதிர் பிளாக்கில் இருக்கும் என் தங்கை வீட்டில் இருந்தாள். படியில் நின்றபடியே அவர்கள் சமையலறை ஜன்னலைப் பார்க்க முடியும். அவள் காபி கலப்பதைப் பார்த்தேன். ஃப்ரிட்ஜைத் திறந்து ஒன்றும் எடுக்காமல் மூடுவதைப் பார்த்தேன். அவள் ஒரு நாளும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. கையும் கூப்பியே இருந்தது.

சரஸ்வதி பூஜை அன்று வந்தாள். கூடவே ஆம்பூரிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். பட்டுப்புடவையும் அகலமான சிரிப்பும். சம்யுக்தாவுக்கு மாமியார் ஆகப்போகிறவர் என்று மீனலோசனி அக்கா சொன்னபோதுதான் அவளுக்குக் கல்யாணம் என்பது எனக்குத் தெரிந்தது.

ஆம்பூர்க்காரருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. படிகளை நன்றாகப் பார்த்தார். மூன்றாம் படியில் நின்றார்.

"இது என்ன பொம்மை? தத்ரூபமா இருக்கே."

"பெரிய உத்தியோகத்துல இருந்த பொம்மைங்க," என்றார் மீனலோசனி அக்கா.

"முகத்துல என்னமா ஒரு வருத்தம் கொண்டாந்திருக்கான்! சம்யுக்தா, இங்க வந்து பாரேன்."

சம்யுக்தா வந்து பார்த்தாள். என் புடவைக் கரையைப் பார்த்தாள். கூப்பிய கையைப் பார்த்தாள். முகத்துக்கு வரவில்லை.

"உங்கம்மா ஜாடை இருக்குமோ? போட்டோகூட நான் பாத்ததில்ல. பாவம், தாயில்லாத பொண்ணு," என்றார் அந்த அம்மாள்.

நான் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மூச்சை நிறுத்திக்கொண்டேன். இமைக்கவில்லை. இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டும் வேலையைப் பல வருடம் செய்தவள் நான். இருப்பதை இல்லாததாகக் காட்டுவது அதைவிடச் சுலபமாக இருந்தது. களிமண் மார்பு வரை ஏறியது. என் மகளுக்காக நான் ஒழுங்காகச் செய்த முதல் காரியம் அதுதான் என்று தோன்றியது.

"இதை எங்களுக்குக் குடுங்களேன்," என்றார் அந்த அம்மாள். "மண்டப வாசல்ல வச்சா எடுப்பா இருக்கும். கை கூப்பின மாதிரியே இருக்கு பாருங்க, தனியா சொல்லிச் செய்யவே வேணாம்."

மீனலோசனி அக்கா சம்யுக்தாவைப் பார்த்தார். "குடும்பத்துக்காரங்கதான் கேக்கணும். இது உங்களுதாம்மா? வாய்விட்டுச் சொல்லணும். அதான் வழக்கம்."

சம்யுக்தா ஒரு சுண்டலை வாயில் போட்டு வெகுநேரம் மென்றாள்.

"வாடகைக்கு எடுத்துக்கறோம் ஆன்ட்டி. கல்யாணம் முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடறோம்."

"லாஃப்டுல இடம் வச்சிருக்கேன்," என்றார் அக்கா.

ஆடிட்டர் தலையாட்டினார்.

ஐப்பசியில் என்னை வைக்கோல் சுற்றி ஒரு டாட்டா ஏஸ் வண்டியில் ஏற்றினார்கள். கூடவே வாழைத்தார்களும் ஒரு கட்டில் மெத்தையும் வந்தன. மண்டப வாசலில், கல்கண்டுத் தட்டும் சந்தனக் கிண்ணமும் வைத்த மேஜைக்குப் பின்னால் என்னை நிறுத்தினார்கள். முகம் தெருவைப் பார்த்து. முதுகு மேடையைப் பார்த்து.

விடிந்ததும் வர ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் வணக்கம் சொன்னேன், சொல்லாமலே. குழந்தைகள் என் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்று முடிவு செய்தார்கள். எங்கள் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருந்த ஒருவர் மனைவியோடு வந்தார். தங்கையின் கணவருக்கு ஏதோ வழியில் தெரிந்தவர்போல. ஒரு கல்கண்டை எடுத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கல்கண்டைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

"ஏங்க, வாயில போட வேண்டியதுதானே?" என்றார் மனைவி.

"அப்புறம் பாத்துக்கலாம் வா."

களிமண் கழுத்துக்கு வந்தது.

உள்ளே கெட்டிமேளம் கேட்டது. தாலி கட்டிவிட்டார்கள் என்று புரிந்தது. எனக்குப் பின்னால் எல்லோரும் எழுந்து நின்ற சத்தமும், பூவும் அரிசியும் விழுந்த சத்தமும் கேட்டன. ஒரு அரிசி என் தோளில் விழுந்தது. அதைத் தட்டிவிட யாரும் இல்லாததால் அது அங்கேயே இருந்தது.

அம்மி மிதித்து முடிந்ததும், அருந்ததி காட்ட ஐயர் மணமக்களை வாசலுக்கு அழைத்து வந்தார். கூடவே சம்பந்திகளும் வீடியோக்காரரும் வந்தார்கள். தெருவில் இறங்கித் திரும்பி நின்றார்கள். ஒரு பக்கம் விளம்பரப் பலகை, ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி. நடுவில், என் தலைக்கு மேலே மட்டும் கொஞ்சம் வானம் இருந்தது. ஐயர் அங்கே விரலை நீட்டினார். நல்ல வெயில்.

"அருந்ததி தெரியறதா?"

"தெரியுது," என்றான் மாப்பிள்ளை.

"பளிச்னு தெரியுது," என்றார் ஆம்பூர் அம்மாள்.

"ஃபோகஸ்லயே இருக்கு சார்," என்றார் வீடியோக்காரர்.

ஐயர் சம்யுக்தா பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியறதாம்மா?"

"தெரியல."

ஐயர் விரலை இன்னும் கொஞ்சம் நீட்டினார். "இப்போ?"

"பகல்ல எப்படித் தெரியும்?"

"எல்லாரும் தெரியறதுன்னுதான் சொல்லுவா. அதைச் சொன்னாத்தான் சடங்கு முடியும். அடுத்த முகூர்த்தக்காரா உள்ளே காத்துண்டிருக்கா."

மாப்பிள்ளை அவள் காதருகே குனிந்தான். "சும்மா சொல்லிடு சம்யு."

சும்மா என்ற சொல்லை எனக்குத் தெரியும். அதைச் சொல்லித்தான் என்னிடமும் கையெழுத்துக் கேட்டார்கள். அவள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொல்லிவிடக் கூடாது என்றும் நினைத்தேன். பொம்மைக்குள் இரண்டுக்கும் இடம் இருந்தது.

எல்லோரும் காத்திருந்தார்கள். தெருவில் ஒரு பேருந்தும் நின்று காத்திருந்தது.

சம்யுக்தாவின் கண் வானத்திலிருந்து இறங்கியது. மெதுவாக இறங்கியது. என் உச்சிக்கு வந்தது. நெற்றிக்கு வந்தது. அங்கே கொஞ்சம் தயங்கி, பிறகு என் கண்ணுக்கு வந்தது.

"அதுக்குக் கீழ தெரியறதைச் சொல்லலாமா?"

"என்ன தெரியறது?"

"எங்கம்மா."

ஐயர் யோசித்தார். "இடம் விட்டு நகராம நிக்கறா. போதும்," என்று உள்ளே போய்விட்டார்.

பேருந்து கிளம்பியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கொலுவில் பார்த்ததெல்லாம் பார்வையே இல்லை.

"அம்மா இல்லன்னியே," என்றார் ஆம்பூர் அம்மாள்.

"சொன்னேன் அத்தை."

"இதைப் பொம்மைன்னாங்களே."

"அதுவும்தான்."

அவர் என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முதுகுப் பக்கம் வெகுநேரம் நின்றார்.

"சாப்பிடுவாங்களா?"

"சாப்பிடுவாங்க."

"என்கிட்ட பொய் சொன்னதை அப்புறம் பேசிக்கலாம். மொதப் பந்தி முடிஞ்சுபோச்சு. ரெண்டாம் பந்தியில உக்கார வை. பொண்ணோட அம்மா வாசல்ல பட்டினியா நின்னா நல்லாவா இருக்கும்?"

இரண்டு பேர் என்னைத் தூக்கிப்போய்ப் பந்தியில் உட்கார வைத்தார்கள். முழங்கால் மடியக் கொஞ்ச நேரம் ஆனது. சின்னதாக ஒரு விரிசல் சத்தம் கேட்டது. யாரும் கேட்காத மாதிரி இருந்தார்கள். எதிர்வரிசையில் பேக்கிங் பிரிவுக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள்.

இலை போட்டார்கள். சோறு வந்தது.

"கையை எடுங்கம்மா, சாம்பார் ஊத்தணும்," என்றார் பரிமாறுகிறவர்.

எடுத்துப் பார்த்தேன். வரவில்லை. இரண்டு கையும் ஒரே கையாகிவிட்டிருந்தது.

சம்யுக்தா மாலையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பரிமாறுகிறவரை ஊற்றச் சொன்னாள். பிசைந்தாள். ஒரு கவளம் எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். மருதாணி விரல்களில் சாம்பார் வழிந்தது.

பந்தி முழுவதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது.

"எல்லாரும் பாக்கறாங்கடி," என்றேன்.

"பாக்கறாங்கதான். வாயைத் திற."

முகத்தை மூடிக்கொள்ள எனக்குக் கை இல்லை. வாயைத் திறந்தேன்.